பெட்டிசக்காரருக்காகத் திரும்பிய பாதை

எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சுவாமியாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆள் நல்லவர். ஆனால் ஓய்வுபெற்ற ஒருவன் சும்மா இருப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. தவக்காலத்தில் ஒருநாள் பூசை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்து பிடித்துக்கொண்டார். அன்றாட வாழ்வில் இறையருள் எப்படி வேலை செய்கிறது என்று இளைஞர் கூட்டத்தில் ஒரு கால் மணித்தியாலம் பேச வேண்டுமாம். எனக்கு மறைக்கல்வி ஆசிரியர்மாரைப் போலப் பேச வராது, நான் பாதையில் கயிறு பிடித்தவன் என்றேன். அப்படியென்றால் பாதையைப் பற்றியே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பேசினேன். கால் மணித்தியாலம் முக்கால் மணித்தியாலமாகி, பிள்ளைகளுக்கு வைத்திருந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. இப்போது அதையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். தேத்தண்ணீர் ஆறாமல் வாசிக்கலாம் என்று நினைத்தாரோ தெரியாது.

வெளியூர்க்காரருக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒடுங்கிய கடல் ஒன்று கிடக்கிறது. அதைக் கடக்கும் இரும்பு மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். மேலே தட்டையான தளம், ஒரு பக்கத்தில் இயந்திரம், இரண்டு முனையிலும் இறக்கி ஏற்றும் பலகை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆடு என்று எல்லாம் ஏறும். அக்கரையில் நிற்பவரின் மீசை தெரியும் தூரம்தான். ஆனால் பாதை இல்லையென்றால் யாழ்ப்பாணப் பட்டணத்தைச் சுற்றி வரவேண்டும்.

இன்னொன்று, பாதைக்குக் காசில்லை. டிக்கெற் இல்லை, கொண்டக்டர் இல்லை, ஏறினால் சரி. கனடாவிலிருந்து வரும் எங்கள் சனம் பேர்சைத் திறந்துகொண்டு எவ்வளவு என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஒருவர் என் சட்டைப் பையிலே தாளைத் திணித்துவிட்டு ஓடியே போனார். சும்மா கிடைப்பதைச் சும்மா வாங்கிக்கொள்ள மனிதருக்கு அவ்வளவு கஷ்டம்.

நான் வேலை பழகிய கதை பெரிய கதையில்லை. கயிறு கையைக் கிழித்தது, பிறகு கை காய்த்தது, பிறகு கயிறும் கையும் சமாதானமாகிவிட்டன. எனக்கு மேலே இருந்தவர் சூசையப்பு அண்ணை. அரசாங்கத் தாள்களில் அவருக்கு வேறு பதவிப்பெயர் இருந்தது. நாங்கள் தண்டையல் என்போம், கப்பலோட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது வழக்கம். கட்டையான ஆள், முன்னுக்குத் தள்ளிய வயிறு, எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. கோயிலில் அவர் உட்காருவது கடைசி வாங்குப் பலகையில்தான். பிரசங்கம் தொடங்கியதும் தலை சாயும், காணிக்கைப் பாட்டுக்கு நிமிரும். பக்திமான் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் வருவதில் பாதியை அச்சில் போட ஏலாது.

ஏற்றுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் நடுவில், சைக்கிள்கள் ஓரக்கம்பியில் சாய்த்தபடி, ஆட்கள் இரண்டு பக்கமும் சரிசமனாக. ஆனி, ஆடியில் சோழகக் காற்று அடிக்கும்போது மட்டும் பாரத்தைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் கூட்டி வைப்பார். கொழுத்த ஆட்களைப் பெயர் சொல்லியே அந்தப் பக்கம் அனுப்புவார். யாரும் கோபித்ததில்லை. எல்லாம் ஏறியதும் பலகையைத் தூக்குவோம். அதற்குப் பிறகு கயிற்றை அவிழ் என்று அவர் வாயால் சொன்னதை நான் கேட்டதேயில்லை. வெற்றிலையைக் கடலில் துப்புவார். துப்பினால் அவிழ்க்கவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

துப்புவதற்கு முன் திரும்பி ஒருதரம் தெருவைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு சைக்கிள் புள்ளியாகத் தெரிந்தாலும் துப்பமாட்டார். கன்னம் இரண்டும் உப்பிப்போய் அப்படியே நிற்பார். வருகிறவர் வேர்த்து விறுவிறுத்து ஏறிய பிறகுதான் கடலுக்கு வெற்றிலை கிடைக்கும். ஏறியவருக்கு நன்றி சொல்லவும் நேரமிருக்காது, பிந்தி வந்ததற்கு நல்ல ஏச்சு விழும்.

இந்தக் கன்னம் உப்பல் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் கிளாக்கர் பிலுப்பையா. கரம்பொன்காரர், அரசாங்கக் கந்தோரில் எழுதி ஓய்வுபெற்றவர், கோடையிலும் மாரியிலும் கையில் கறுப்புக் குடை. தினப்பூசை தவறாதவர். பிழை கண்டால் உடனே மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுவார். விதானையாருக்கு மேல் எழுதுவார், பள்ளிக்கூட அதிபருக்கு மேல் எழுதுவார், கோயில் மணி ஐந்து நிமிடம் பிந்தி அடித்ததற்கு ஆயருக்கே எழுதினவர். ஊரில் அவரைப் பெட்டிசம் என்றால்தான் தெரியும். கெட்ட மனிதரென்று சொல்லமாட்டேன். ஒழுங்காக வருகிறவனுக்கு ஒழுங்காகக் கிடைக்கவேண்டும், பிந்தினவன் பிந்தினதுதான் என்பது அவருடைய வேதம். பிந்தி வருகிறவர்களுக்காக, நேரத்துக்கு வந்த தன்னை ஏன் வெயிலில் நிறுத்திவைக்கவேண்டும் என்று அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை.

அவருடைய பெட்டிசம் பலித்தது. பாதை மணிப்படி புறப்படவேண்டும், புறப்பட்டால் திரும்பக்கூடாது என்று கட்டளை வந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் சூசையப்பு அண்ணையைச் சுக்கானிலிருந்து இறக்கிவிடுவோம் என்றும் அதில் இருந்தது. அண்ணை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்துத் துப்பினார். தெருவைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார், பார்த்தால் மனம் கேளாது என்று அவருக்குத் தெரியும். ஓடிவந்து கரையில் நின்று கையை உதறியவர்களை நான்தான் பார்த்துக்கொண்டு போனேன். அந்த மாதங்கள் எங்கள் இரண்டு பேருக்குமே வேலை கசந்தது.

ஆனி மாதம் வந்தது. எங்கள் பகுதிச் சின்னக் கோயிலின் அந்தோனியார் சொரூபம், பெருநாளுக்கு முன் வர்ணம் பூசுவதற்காகப் பட்டணம் போயிருந்தது. அது காரைநகர் வழியாக வீடு திரும்பிய நாள் கொடியேற்றத்துக்கு முதல் நாள். கோயில் காரியங்களைப் பார்க்கும் ஞானப்பிரகாசம் மூப்பர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக முன்னால் வந்தார். பின்னால் நாலு பேர் தோளில் அந்தோனியார், அவருக்குப் பின்னால் செபமாலையோடு பெண்கள், ஒரு மேளக்காரர். சொரூபத்தைத் தளத்தின் நடுவில் வைத்துக் கயிறு போட்டோம். உடுப்பில் வர்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை, தொடவேண்டாம் என்று மூப்பர் எல்லோரையும் எச்சரித்துக்கொண்டே இருந்தார். அண்ணை மணியைப் பார்த்தார், துப்பினார், புறப்பட்டோம்.

நடுக்கடலுக்கு வந்திருப்போம். நான் பழக்கதோசத்தில் பின்னால் பார்த்தேன். காரைநகர் இறங்குதுறையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஒருவர் ஒரு கறுப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நிலத்தில் இருந்தார், இருந்த இருப்பிலேயே சரிந்தார். குடையைக் கண்டதும் ஆளை அறிந்துகொண்டேன்.

பிறகு தெரிந்த கதையை இப்போதே சொல்கிறேன். காரைநகரில் இரண்டு வீட்டாருக்கு வேலித் தகராறு. எல்லைக் கல்லைக் கண்ணால் பார்த்துப் பெட்டிசம் எழுதவேண்டும் என்று கிளாக்கர் போயிருக்கிறார். கல்லை மூடிக் கிடந்த காவோலையைக் கையால் தூக்கியிருக்கிறார். அதற்குக் கீழே புடையன் பாம்பு படுத்திருந்தது.

நான் அண்ணையிடம் போய், கரையில் யாரோ விழுந்து கிடக்கிறார் என்றேன். அண்ணை திரும்பவில்லை. யாரென்று கேட்டார்.

"பெட்டிசம், அண்ணை."

அவர் அப்போதுதான் திரும்பினார். கொஞ்ச நேரம் கரையையே பார்த்தார். புது வெற்றிலை போட்டிருந்தார், கன்னம் உப்பியிருந்தது. எனக்கு அவருடைய வீடு தெரியும், அங்கே படிக்கிற பிள்ளைகள் தெரியும், கட்டளையில் இருந்ததும் தெரியும். மனதுக்குள் நான் நினைத்ததைச் சுவாமியாரின் முன்னால் சொல்லமாட்டேன். அண்ணை வாயில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கினார். அச்சில் போட ஏலாத ஒரு சொல் சொன்னார். சுக்கானைக் கரைப்பக்கம் முறித்துத் திருப்பினார்.

பாதை திரும்புகிறது என்று தெரிந்ததும் பெண்கள் செபமாலையை நடுவில் நிறுத்திவிட்டார்கள். மூப்பர் ஓடிவந்தார். வீட்டுக்கு வருகிற சொரூபத்தை வழியில் திருப்பக்கூடாது, திருப்பினால் ஊருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, ஆனால் எல்லாருக்கும் பாடம்.

"அந்தோனியாரைத் திருப்பாதையும் சூசையப்பு, ஊருக்குக் கூடாது" என்றார் மூப்பர்.

"நான் பாதையைத்தான் திருப்பிறன். உம்மடை ஆளை நீர் பிடியும்."

மூப்பர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நாலு பேரைக் கூப்பிட்டார், கயிற்றை அவிழ்த்தார்கள், சொரூபத்தைத் தூக்கினார்கள். பாதை ஒரு பக்கம் சுற்றச் சுற்ற, அவர்கள் அந்தோனியாரை மற்றப் பக்கம் சுற்றினார்கள். எங்களுக்குக் கீழே எல்லாம் திரும்பியது, அவர் முகம் மட்டும் ஊர்காவற்றுறையை விட்டு அசையவில்லை. நடுவில் மிதவை காற்றுக்குப் பக்கத்தைக் காட்டியது. சோழகம் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளியது. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதின, சொரூபம் சாய்ந்தது. மூப்பர் வேறு வழியில்லாமல் அந்தோனியாரை மார்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். கரை சேர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கத் துறவியின் மண்ணிற வர்ணம். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

கிளாக்கரைத் தூக்கி ஏற்றினோம். கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவர் அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு தளத்தில் இருந்தார். பலகையைத் தூக்கினோம், பாதை மறுபடி ஊரை நோக்கித் திரும்பியது. கிளாக்கர் கண்ணைத் திறந்தார். எதிரில் அந்தோனியாருடைய முதுகுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அவரும் எனக்கு முதுகைக் காட்டிறார். சரிதானே."

அதைச் சொன்ன விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. முறைப்பாடு செய்கிற குரல் இல்லை அது. தனக்குரியது தனக்குக் கிடைத்துவிட்டது என்று ஒத்துக்கொள்கிற குரல். ஒரு பெண் அழத் தொடங்கினாள். சூசையப்பு அண்ணை சுக்கானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூப்பர், அவரை இஞ்சால திருப்பும்."

மூப்பர் ஊரைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். பிறகு அந்தோனியாரைத் திருப்பினார். தூக்கி வந்த நாலு பேரும் அவர் கேட்காமலே கை கொடுத்தார்கள். அப்படியே, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாம்பு கடித்த ஒரு மனிதரைப் பார்த்தபடி அந்தோனியார் வீடு வந்துசேர்ந்தார். விட்ட இடத்திலிருந்து செபமாலை தொடங்கியது. ஊருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த வருசம் நல்ல மழை.

கிளாக்கர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆனால் பாதை திரும்பியதால் பட்டணத்து பஸ்ஸைத் தவறவிட்ட யாரோ ஒரு பயணி முறைப்பாடு கொடுத்திருந்தார். விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், இயந்திரம் பழுது என்று சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடலாம் என்று ஜாடை காட்டினார். அண்ணைக்கு ஜாடை விளங்காமலில்லை.

"ஓம், திருப்பினனான்" என்றார்.

சுக்கானிலிருந்து அவரை இறக்கினார்கள். கயிறு பிடிக்கும் வேலை அவருக்கு, சுக்கான் எனக்கு. எனக்கு அந்த உயர்வு நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. எல்லாம் அந்தக் கிளாக்கரால் வந்தது என்று நான் அவரோடு பேச்சை விட்டேன். பாதையில் ஏறினால் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

வீக்கம் வற்றி நடக்கத் தொடங்கியதும் அவர் இறங்குதுறைக்கு வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் உயிர்ச் சேவல், கக்கத்தில் பனங்கட்டிக் குட்டான். எல்லாவற்றையும் அண்ணைக்கு முன்னால் வைத்தார். கயிற்றுத் தூணில் இருந்தபடி அண்ணை அவற்றைப் பார்த்தார்.

"நான் உமக்குச் செய்த வேலைக்கு, நீர் ஏன் ஐசே திருப்பினீர்? அதை எனக்குச் சொல்லும். எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றார் கிளாக்கர்.

அண்ணை சேவலை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பனங்கட்டியில் ஒன்றை உடைத்து வாயில் போட்டார்.

"பாதைக்குக் காசில்லை, கிளாக்கர் ஐயா. ஏறும்."

கிளாக்கர் ஏறினார். ஏறி, சேவலை அணைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கரையில் அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, அடுத்த தடவை எங்களோடேயே திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் பெட்டிசம் எழுதுவதை விட்டுவிட்டார் என்றால் அழகாக இருக்கும். விடவில்லை. சூசையப்பு அண்ணையை மறுபடி சுக்கானில் ஏற்றவேண்டும் என்று ஒரு கட்டுப் பெட்டிசம் எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை. அண்ணைக்கு எதிராக எழுதிய ஒன்று உடனே பலித்தது, ஆதரவாக எழுதியது எல்லாம் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ தெரியாது. இதைக் கேட்டு அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். கயிற்று வேலையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், சுக்கான் என் கையில் இருந்ததே தவிர, பாதை புறப்பட்டது அவர் துப்பிய பிறகுதான். திரும்பித் தெருவைப் பார்ப்பார், கன்னம் உப்பும், நான் காத்திருப்பேன். கட்டளை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை நினைவூட்டி எழுதுவதற்கு இனி ஊரில் ஆளில்லை.

அண்ணை ஓய்வுபெற்றார், பிறகு நானும். போன வருசம் அவர் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் கிளாக்கர் ஒரு மூலையில் நின்றார். நான் மற்ற மூலையில் நின்றேன்.

இந்த மாதம் அண்ணையின் ஆண்டுத் திருப்பலி வந்தது. அன்றைக்கென்று பார்த்து எனக்குக் காரைநகரில் ஒரு அலுவல். பேச்சுப் பராக்கில் நேரம் போனது தெரியவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு இறங்குதுறைக்கு வரும்போது பாதை புறப்பட்டுப் பாதித் தூரம் போய்விட்டது. இப்போது பாதையை ஓட்டுகிறவர் மணிப்படி ஓட்டுபவர், அவரைக் குறை சொல்ல ஏலாது. அடுத்ததில் போனால் பூசை முடிந்துவிடும். வாழ்நாளில் ஒருவரையும் கரையில் விட விரும்பாத மனிதருடைய பூசைக்கு, அவருடைய கயிற்றுக்காரன் கரையில் நிற்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கையைக் காட்டவும் வெட்கமாக இருந்தது, காட்டவில்லை.

அப்போது பாதையின் பின்முனையில் ஒரு கறுப்புக் குடை விரிந்தது.

கிளாக்கருக்கு எண்பதுக்கு மேல் இப்போது. முன்பக்கம் பார்த்து அவர் பாதையில் இருப்பதேயில்லை என்று பிறகு அறிந்தேன். ஏறியதும் பின்முனையில் போய், விட்டு வந்த கரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். குடையைத் தலைக்கு மேல் ஆட்டினார். ஓட்டுபவரோடு ஏதோ கதைத்தார், குடையால் இரும்பில் தட்டினார். என்ன சொன்னாரோ, பெட்டிசம் எழுதுவேன் என்றுதான் வெருட்டியிருப்பார். நடுக்கடலில் பாதை காற்றுக்குப் பக்கத்தைக் காட்டியது. திரும்பியது.

பலகை இறங்கியது. அதன் முனையில் அவர் நின்றார். எத்தனையோ வருசமாக நான் பேசாத மனிதர். சைக்கிளைப் பிடித்தபடி, "ஐயா, நான்..." என்று தொடங்கினேன்.

"பாதைக்குக் காசில்லை" என்றார். "ஏறும்."

நாங்கள் இரண்டு பேரும் பிந்தித்தான் கோயிலுக்குப் போனோம். சுவாமியார் பிரசங்கத்தில் நின்றார். கடைசி வாங்கில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.